நங்கூரச் சங்கிலி சொல்லும் கணக்கு



"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றில் இறங்கும் மனிதனுக்குச் சொன்ன இந்தப் பழமொழி, கடலில் நிற்கும் கப்பலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கப்பல் ஓரிடத்தில் நிற்கவேண்டுமானால் கடலின் ஆழம் எவ்வளவு என்று தெரியவேண்டும். அது மட்டும் போதாது. நங்கூரத்தோடு கடலுக்குள் போயிருக்கும் சங்கிலியின் நீளம் எவ்வளவு என்பதும் தெரியவேண்டும். கலங்கிய தண்ணீருக்கு அடியில், கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிற சங்கிலியை எந்தக் கோல் கொண்டு அளப்பது? இந்தக் கேள்விக்கு மாலுமிகள் கண்டுபிடித்த விடையைத்தான் இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

தோட்டப்புறத்தில் இருக்கும் நமக்கும் நங்கூரச் சங்கிலிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தவர்கள். 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே முகம் மலரும் முதியவர்களை நாம் அறிவோம். 1973 வரை அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையோரம் வந்து அணையும்படியான துறை அப்போது இல்லை. கப்பல் கரைக்கு அப்பால், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் நம்மவர்கள் படகில் போய்த்தான் அதில் ஏறினார்கள். அத்தனை பேரும் ஏறி முடிக்கும்வரை கப்பலை அலையில் நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது எது? கடலடியில் கிடந்த ஒரு நங்கூரமும் அதன் சங்கிலியும்தான். ஆகவே அந்தச் சங்கிலிக்கு நாமும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

முதலில் அளவைப் பற்றிப் பேசுவோம். கடலில் ஆழத்தையும் கயிற்றையும் அளக்க மாலுமிகள் பயன்படுத்திய அளவுக்கு ஆங்கிலத்தில் 'ஃபேதம்' என்று பெயர். ஒரு மனிதன் இரண்டு கைகளையும் முழுவதும் விரித்தால், ஒரு கை நுனியிலிருந்து மறு கை நுனிவரை உள்ள தூரம் அது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் விரித்த கைகளையும், கட்டித் தழுவுவதையும் குறித்தது. பிற்காலத்தில் அதை ஆறு அடி என்று வரையறுத்தார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர்கள் இதே அளவைப் 'பாகம்' என்று சொல்வார்கள். மலாய்க்காரர்கள் 'டெப்பா' என்பார்கள். மொழிகள் வேறு, ஆனால் கயிற்றை இழுக்கும் மனிதனின் கை எல்லா ஊரிலும் ஒன்றுதானே! இழுக்கும்போதே கை விரித்து எண்ணிக்கொள்ளலாம். அளவுகோலைத் தேடி ஓடவேண்டியதில்லை. நாமும் இந்தப் பேச்சில் பாகம் என்றே சொல்வோம்.

ஆழத்தை அறியப் பழங்காலக் கப்பல்களில் ஓர் ஈயக்குண்டும் ஒரு கயிறும் இருந்தன. ஏழு முதல் பதினான்கு இராத்தல் எடையுள்ள அந்தக் குண்டை மாலுமி சுழற்றிக் கப்பலுக்கு முன்னால் எறிவான். குண்டு தரையைத் தொட்டதும், கயிற்றில் எந்த அடையாளம் தண்ணீர் மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து உரக்கக் கூவுவான். குண்டின் அடிப்பக்கத்தில் ஒரு குழி இருக்கும். அதில் மாட்டுக்கொழுப்பை அப்பிவைப்பார்கள். கடலடி மணலோ, சேறோ, சிப்பியோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். நங்கூரம் நன்றாகப் பிடிக்கக்கூடிய தரைதானா என்பதை அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கயிற்றில் இருந்த அடையாளங்கள்தாம் நாம் கவனிக்கவேண்டியவை. இரண்டாம் பாகத்தில் இரண்டு தோல் வார்கள் கட்டியிருக்கும். மூன்றாம் பாகத்தில் மூன்று தோல் வார்கள். ஐந்தில் வெள்ளைப் பருத்தித் துணி. ஏழில் சிவப்புக் கொடித்துணி. பத்தில் நடுவே துளையிட்ட தோல். பதின்மூன்றில் நீலக் கம்பளித் துணி. பதினைந்தில் மறுபடியும் வெள்ளை. பதினேழில் மறுபடியும் சிவப்பு. இருபதில் இரண்டு முடிச்சுகள் போட்ட சிறு கயிறு. துணிகளில் ஏன் இத்தனை வகை? வெறும் நிறத்தை மாற்றினாலே போதாதா? போதாது. இருட்டில் நிறம் தெரியாது. பருத்தி ஒரு விதமாகவும், கம்பளி ஒரு விதமாகவும், தோல் வேறு விதமாகவும் கையில் படும். அமாவாசை இருட்டிலும் கொட்டும் மழையிலும் மாலுமி விரலாலேயே கணக்கைப் படித்துவிடுவான். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் படகோட்டியாக இருந்த சாமுவேல் கிளெமென்ஸ் என்பவர் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரானபோது 'மார்க் ட்வைன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 'அடையாளம் இரண்டு', அதாவது இரண்டு பாக ஆழம், என்பதே அதன் பொருள். பன்னிரண்டு அடித் தண்ணீர் இருக்கிறது, படகு தரை தட்டாது என்று ஆறுதல் தரும் குரல் அது.

ஆழம் தெரிந்துவிட்டது. இனி நங்கூரத்துக்கு வருவோம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்புவரை பெரிய கப்பல்களின் நங்கூரங்கள் சங்கிலியில் தொங்கவில்லை. சணல் வகை நாரினால் முறுக்கிய தடித்த வடத்தில்தான் தொங்கின. கோயில் தேரின் வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற போர்க்கப்பலான 'விக்டரி'யின் நங்கூர வடம் சுற்றளவில் 24 அங்குலம் இருந்தது. அவ்வளவு தடித்த வடத்தை நங்கூரம் தூக்கும் உருளையில் சுற்ற முடியாது. ஆகையால் உருளையில் வேறொரு மெல்லிய கயிற்றைச் சுற்றி, அந்தக் கயிற்றோடு வடத்தைச் சிறு கயிறுகளால் கட்டிக் கட்டி, அவிழ்த்து அவிழ்த்து இழுத்தார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள் வியர்வை சிந்தவேண்டிய வேலை அது. மேலே வந்த வடத்தைச் சேறுபோகக் கழுவி, காயவைத்து, கப்பலுக்குள் அடுக்கவேண்டும். ஈரத்தோடு விட்டால் உளுத்துப்போகும்.

வடத்துக்கு இன்னொரு பெரிய எதிரியும் இருந்தது. அதுதான் கடலடிப் பாறை. 1768ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வீல் பசிபிக் கடலில் உள்ள தாகிதித் தீவில் தம் கப்பல்களை நிறுத்தினார். அங்கே கடலடியில் பவழப் பாறைகள் கத்திமுனைபோல் நின்றன. வடங்கள் உரசி உரசி அறுந்தன. ஒன்பதே நாட்களில் ஆறு நங்கூரங்களை அவர் இழந்தார். உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கப்பலுக்கு நடுக்கடலில் புது நங்கூரம் யார் கொடுப்பார்கள்?

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் பிரவுன் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. நல்ல வடத்துக்கு வேண்டிய நார் ரஷ்யாவின் துறைமுகங்களிலிருந்துதான் இங்கிலாந்துக்குப் பெருமளவில் வந்துகொண்டிருந்தது. 1807இல் ரஷ்யா நெப்போலியனோடு உடன்படிக்கை செய்துகொண்டதும், அந்த நார் தொடர்ந்து கிடைக்குமா என்பதே கவலையாகிவிட்டது. 1808இல் பிரவுன் இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். 'பெனிலோப்' என்ற கப்பலில் இரும்புச் சங்கிலிகளைப் பூட்டி, மேற்கிந்தியத் தீவுகள்வரை தாமே ஓட்டிச் சென்று காட்டினார். சங்கிலி தாங்கியது. பாறை அதை அறுக்கவில்லை. அதன்பின் கடற்படையும் வணிகக் கப்பல்களும் ஒவ்வொன்றாகச் சங்கிலிக்கு மாறின. 1813இல் தாமஸ் பிரண்டன் என்பவர் இன்னொரு நல்ல யோசனை சொன்னார். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் குறுக்கே ஒரு சிறு இரும்புக் கட்டையை வைத்தார். அதனால் பாரம் இழுக்கும்போது வளையம் ஒடுங்குவதில்லை. சங்கிலி முறுக்கிக்கொண்டு சிக்குவதும் குறைந்தது. இன்றும் பெரிய கப்பல்களின் சங்கிலிகளில் இந்தக் குறுக்குக் கட்டையைப் பார்க்கலாம். பிரவுன் பாலங்களும் கட்டினார். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே டுவீட் ஆற்றின்மேல் 1820இல் அவர் கட்டிய இரும்புத் தொங்குபாலம் இன்றும் நிற்கிறது.

இங்கே நாம் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளவேண்டும். கப்பலை நிறுத்துவது நங்கூரத்தின் எடை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. மண்வெட்டியை மண்ணில் கொத்திவிட்டுத் தரையோடு தரையாக இழுத்தால், அது மேலும் மேலும் மண்ணைக் கவ்வும். மேல்நோக்கித் தூக்கினால் எளிதாகக் கழன்றுவிடும். நங்கூரமும் அப்படித்தான். இழுப்பு தரையோடு படுக்கைவசமாக இருக்கும்வரை அது பிடித்துக்கொள்ளும். அதற்காகவே போதுமான சங்கிலியைக் கடலடியில் படுக்க விடுகிறார்கள். சங்கிலியின் கனமே அதைத் தரையில் அழுத்திவைக்கிறது. காற்று வீசிக் கப்பலைத் தள்ளும்போது, படுத்திருக்கும் சங்கிலி கொஞ்சம் மேலே எழும்பி அந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது.

எவ்வளவு சங்கிலி போதும்? அமைதியான கடலில், ஆழத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு என்பது பழகிப்போன கணக்கு. காற்று கடுமையானால் ஐந்து மடங்கு, அதற்கு மேலும் விடுவார்கள். ஆழம் பத்துப் பாகம் என்றால் முப்பது பாகம் சங்கிலி. புயல் வரும்போல் தோன்றினால் ஐம்பது பாகம். குறைவாக விட்டால் நங்கூரம் பெயர்ந்து கப்பல் பாறையை நோக்கிப் போகும். அளவுக்கு மீறி விட்டால், சங்கிலியைச் சுற்றிக் கப்பல் அகலமாக வட்டமிட்டுப் பக்கத்தில் நிற்கும் கப்பலை இடிக்கும். ஆகவே கணக்கு சரியாக இருக்கவேண்டும். அதற்காகவே அடையாளங்கள் பிறந்தன.

சங்கிலியை ஒரே நீளமாகச் செய்வதில்லை. பதினைந்து பதினைந்து பாகத் துண்டுகளாகச் செய்து, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ஓர் இணைப்பைப் பூட்டுகிறார்கள். அந்த இணைப்பின் பெயர் 'ஷேக்கிள்'. நாளடைவில் ஒரு துண்டின் நீளத்துக்கே ஷேக்கிள் என்று பெயராகிவிட்டது. ஒரு ஷேக்கிள் என்றால் 90 அடி. இன்றைய அளவில் ஏறத்தாழ இருபத்தேழரை மீட்டர். வணிகக் கப்பல்களில் இதுவே வழக்கம். பிரிட்டிஷ் கடற்படையில் மட்டும் நீண்டகாலம் பன்னிரண்டரைப் பாகத்தை ஒரு ஷேக்கிளாக வைத்திருந்து, 1949இல்தான் பதினைந்து பாகத்துக்கு மாறினார்கள்.

இனி அடையாளத்துக்கு வருவோம். இணைப்புக்கு வெள்ளை வண்ணம் பூசுவார்கள். ஆனால் எல்லா இணைப்பும் வெள்ளையாக இருந்தால், கடந்துபோனது முதலாவதா மூன்றாவதா என்று எப்படித் தெரியும்? பிரிட்டிஷ் கப்பல்களின் வழக்கம் இது: முதல் இணைப்பில், அதற்கு இரு பக்கமும் உள்ள முதல் வளையத்துக்கு வெள்ளை பூசி, அதன் குறுக்குக் கட்டையில் கம்பியைச் சுற்றிவிடுவார்கள். இரண்டாம் இணைப்பில், அங்கிருந்து எண்ணி இரு பக்கமும் இரண்டாவது வளையத்துக்கு வெள்ளையும் கம்பியும். மூன்றாம் இணைப்பில் மூன்றாவது வளையம். நான்காவதில் நான்காவது. இணைப்பிலிருந்து கம்பி கட்டிய வளையம்வரை எண்ணினால் போதும், அதுவே கடலுக்குள் போன ஷேக்கிள்களின் எண்ணிக்கை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், சங்கிலி வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் கணக்கு மாறாது.

வண்ணம் இருக்கும்போது கம்பி எதற்கு? சங்கிலி கடகடவென்று ஓடும்போது துருவும் சேறும் தூசியும் பறக்கும். உரசி உரசி வண்ணம் உதிர்ந்துவிடும். கம்பி உதிராது. இருட்டில் கையால் தடவினாலும் கம்பி விரலில் தட்டுப்படும். ஈயக்குண்டுக் கயிற்றில் பார்த்தோமே, அதே யோசனைதான் இங்கேயும் வந்திருக்கிறது. கண் ஏமாந்தால் கை காப்பாற்றும்.

அமெரிக்கக் கடற்படையில் வழக்கம் சற்று வேறு. முதல் இணைப்புக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு வெள்ளை, மூன்றாவதற்கு நீலம், பின்பு மறுபடியும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று வரிசையாக வரும். அதோடு முதல் இணைப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு வளையம் வெள்ளை. இரண்டாவதில் இரண்டிரண்டு வளையங்கள் வெள்ளை. இப்படியே கூடிக்கொண்டு போகும். கடைசிக்கு முந்திய துண்டின் வளையங்கள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசுவார்கள். கடைசித் துண்டு முழுவதும் சிவப்பு. மஞ்சள் வெளியே வரத் தொடங்கினாலே "நிறுத்து, சங்கிலி தீரப்போகிறது" என்று எச்சரிக்கை. சிவப்பைக் கண்டால் ஆபத்து. பத்துப் பன்னிரண்டு டன் நங்கூரமும் அத்தனை சங்கிலியும் கட்டுக்கடங்காமல் ஓடினால், உள்ளே கட்டியிருக்கும் கடைசி முனையையும் பிய்த்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது அரிது.

கப்பலின் முன்முனையில் நிற்பவருக்கு எண்ணிக்கை தெரிந்துவிட்டது. வெகுதூரத்தில் மேல்தளத்தில் நிற்கும் கப்பல் தலைவருக்கு அதை எப்படிச் சொல்வது? காற்றின் இரைச்சலில் வாய்ச்சொல் கேட்காது. முன்முனையில் ஒரு மணி தொங்கும். ஓர் இணைப்பு போனால் ஓர் அடி; இரண்டு போனால் இரண்டு அடி. நங்கூரத்தைத் தூக்கும்போதும் இன்னும் வெளியே இருக்கும் ஷேக்கிள்களை மணி சொல்லும். நங்கூரம் தரையைவிட்டுக் கிளம்பியதும் மணி விடாமல் வேகமாக ஒலிக்கும். நம் தோட்டங்களில் பெரட்டுக்குத் தட்டிய தண்டவாளத் துண்டும் அப்படித்தானே, நேரம் பார்க்கத் தெரியாதவருக்கும் நேரத்தைச் சொல்லிற்று!

இந்த முறையில் நாம் வியக்கவேண்டியது ஒன்று உண்டு. இதைப் படிக்க எந்த மொழியும் வேண்டியதில்லை. பிரிட்டிஷ் இந்தியக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகளின் தலைவருக்குச் 'செராங்' என்று பெயர். அவருக்கு அடுத்தவர் 'தண்டல்'. அவர்களுக்குக் கீழே குஜராத்தி பேசுவோர், வங்காளி பேசுவோர், கொங்கணி பேசுவோர் என்று பலரும் இருந்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கம்பி கட்டிய வளையத்தை எண்ணத் தெரியும். ஆயிரம் பேர் பயணம் செய்த கப்பலின் பாதுகாப்பு அந்த எண்ணிக்கையில் இருந்தது. பள்ளிக்கூடம் போகாதவரெல்லாம் அறிவில்லாதவர் என்று எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

அடையாளமிட்ட சங்கிலி நிலத்திலும் உண்டு. 1620ஆம் ஆண்டு எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நில அளவைக்காக ஒரு சங்கிலியை வகுத்துக் கொடுத்தார். அதன் நீளம் 66 அடி, கண்ணிகள் 100. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். முதல் வில்லைக்கு ஒரு முனை, இரண்டாவதற்கு இரண்டு முனை, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு நான்கு. நடுவில், ஐம்பதாவது கண்ணியில் மட்டும் வட்ட வில்லை. அங்கிருந்து அடுத்த பக்கமும் அதே வரிசை திரும்பி வரும். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் கணக்கு சரியாக வரும். பத்துச் சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள நிலம் ஓர் ஏக்கர். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலங்களை ஏக்கர் ஏக்கராகப் பிரித்தபோது அடிப்படையாக இருந்த கணக்கு இது. நாம் இன்றும் பால்மரக் காட்டையும் செம்பனைக் காட்டையும் ஏக்கரில் பேசுகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு சங்கிலி ஒளிந்திருக்கிறது.

ஆனால் நேயர்களே, அளவு சரியாக இருந்தாலும் இரும்பு சரியில்லாவிட்டால் என்ன பயன்? 1859ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 'ராயல் சார்ட்டர்' என்ற நீராவிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து லிவர்ப்பூலை நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கம் தோண்டிச் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவருகே கடும் புயல் பிடித்துக்கொண்டது. இரண்டு நங்கூரங்களையும் இறக்கினார்கள். 26ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு இடப்பக்கச் சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரம் கழித்து வலப்பக்கச் சங்கிலியும் அறுந்தது. காற்றின் வேகத்தைக் குறைக்கப் பாய்மரங்களை வெட்டித் தள்ளினார்கள். பயனில்லை. கப்பல் பாறையில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 450 பேர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் நாற்பது பேர் அளவே. கரை அவர்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1864இல், நங்கூரங்களையும் சங்கிலிகளையும் சோதித்து முத்திரையிட்ட பிறகே விற்கவேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. பின்னால் வந்த திருத்தங்களில் இன்னொரு விதியும் சேர்ந்தது. ஒவ்வொரு பதினைந்து பாகத் துண்டிலிருந்தும் மூன்று வளையங்களை வெட்டியெடுத்து, இயந்திரத்தில் பூட்டி இழுத்துப் பார்க்கவேண்டும். அந்த மூன்றும் குறித்த பாரத்தைத் தாங்கினால்தான் அந்தத் துண்டு தேறும். சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பதுபோல!

இந்த வளையங்களைச் செய்தவர்கள் யார்? இங்கிலாந்தின் நடுப்பகுதியில் 'பிளாக் கன்ட்ரி', அதாவது கறுப்பு நாடு, என்று பெயர் பெற்ற ஒரு வட்டாரம் இருக்கிறது. கரிப்புகை படிந்து படிந்து கறுத்த ஊர்கள். அங்கே நெதர்டன் என்னும் ஊரில்தான் 1911இல் 'டைட்டானிக்' கப்பலின் பெரிய நங்கூரம் உருவாயிற்று. பதினைந்தரை டன் எடை. இருபது குதிரைகள் பூட்டிய வண்டியில் அதை இரயிலடிக்கு இழுத்துப் போனார்கள். பெரிய சங்கிலிகளை ஆடவர் பட்டறைகளில் அடித்தார்கள். பக்கத்து ஊரான கிராட்லி ஹீத்தில், சிறு சங்கிலிகளைப் பெண்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த உலைகளில் அடித்தார்கள். குழந்தை தொட்டிலில், தாய் உலையடியில். காலைமுதல் இரவுவரை சம்மட்டி பிடித்தும் வாரத்துக்கு ஐந்தாறு ஷில்லிங்குதான் கூலி.

1910இல் அரசு நியமித்த ஒரு கூலி வாரியம், மணிக்கு இரண்டரைப் பென்ஸ் குறைந்தபட்சக் கூலி என்று நிர்ணயித்தது. அது பழைய கூலியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முதலாளிகள் பலர் தந்திரம் செய்தார்கள். "ஆறு மாதத்துக்குப் பழைய கூலியே போதும்" என்று எழுதிய தாளைக் கொடுத்துக் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். படிக்கத் தெரியாத பெண்களில் சிலர் விவரம் அறியாமல் வைத்தும் விட்டார்கள். மேரி மக்கார்த்தர் என்ற தொழிற்சங்கத் தலைவி அங்கே வந்தார். தாளில் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொன்னார். பெண்கள் சம்மட்டியைக் கீழே வைத்தார்கள். பத்து வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் 79 வயது மூதாட்டி ஒருவரும் உறுதியாக நின்றார். நாடெங்கும் இருந்து நன்கொடை குவிந்தது. 1910 அக்டோபர் 22ஆம் தேதி முதலாளிகள் எல்லாரும் புதிய கூலிக்கு இணங்கினார்கள். மிச்சமிருந்த நிதியைக் கொண்டு அந்த ஊரில் தொழிலாளர் மன்றம் ஒன்றைக் கட்டி 1912இல் திறந்தார்கள். 2006இல் அந்தக் கட்டடத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து, அருங்காட்சியகம் ஒன்றில் மறுபடியும் எழுப்பிக் காத்துவருகிறார்கள்.

நம் மலேசியாவில் தேசிய அளவில் குறைந்தபட்ச ஊதியம் 2013ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை நினைக்கும்போது, நூறு ஆண்டுகளுக்கு முன்பே உலையடியில் நின்று "கையெழுத்துப் போடமாட்டோம்" என்று சொன்ன அந்தத் தாய்மாரின் துணிவு நமக்கு நன்றாக விளங்கும். வளையம் வளையமாகச் சேர்ந்தால்தான் சங்கிலி. அந்தப் பெண்கள் தாங்கள் செய்த பொருளிலிருந்தே அந்தப் பாடத்தைக் கற்றார்கள் எனலாம்.

இன்று கப்பல்களில் மின்கருவிகள் வந்துவிட்டன. ஒலியலையை அனுப்பி ஆழத்தைக் காட்டும் கருவி உண்டு. எத்தனை மீட்டர் சங்கிலி போயிற்று என்று எண்ணில் காட்டும் கருவியும் உண்டு. ஆயினும் வெள்ளை வளையமும் கம்பிச் சுற்றும் போய்விடவில்லை. கருவி பழுதானாலும், மின்சாரம் நின்றாலும், அடையாளம் பொய் சொல்லாது என்பதே காரணம். கிள்ளானுக்கோ பினாங்குக்கோ போகும்போது, கரையோரம் நிற்கும் கப்பலின் முன்பக்கத்தை நாம் உற்றுப் பார்க்கலாம். துருவேறிய சங்கிலியில் எங்காவது ஒரு வெள்ளைக் கண்ணி தெரிந்தால், அது என்னவென்று இனிமேல் நமக்குத் தெரியும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கயிறு இருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். கை விரித்துப் பாகம் பாகமாக அளந்து, ஒன்றாம் பாகத்தில் ஒரு முடிச்சு, இரண்டில் இரண்டு முடிச்சு என்று போடச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவி, எத்தனையாவது பாகம் என்று சொல்லட்டும். கணக்கு என்பது கரும்பலகையில் மட்டும் இருப்பதல்ல, உழைக்கும் மனிதரின் கையிலும் இருக்கிறது என்பதை அவர்கள் விளையாட்டாகவே தெரிந்துகொள்வார்கள். பாட்டன் பாட்டி இருக்கும் வீடுகளில் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்த கதையை அப்போது கேட்டு வையுங்கள். அதைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகிறார்கள்.